நடைபாதையில் தூங்குபவரிடம் காவலர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பயிற்சி முடித்து வடசென்னையில் பணியில் சேர்ந்திருக்கும் ஓர் இளம் உதவி ஆய்வாளர் கேட்டிருக்கிறார்: "இரவு ரோந்தில் பிளாட்பாரத்தில் வரிசையாகப் படுத்திருப்பவர்களை என்ன செய்வது? கடைக்காரர்கள் புகார் கொடுக்கிறார்கள். மேலிருந்து 'கிளியர் பண்ணுங்க' என்று மைக்கில் வருகிறது. எழுப்பினால் மனது கேட்கவில்லை, எழுப்பாவிட்டால் வேலை பார்க்கவில்லை என்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது? எப்படிப் பேச வேண்டும்?"

வீடற்றோர் காப்பகங்களில் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அந்த வேலையில் பாதி, ஸ்டேஷன் வாசலில் காத்திருப்பதுதான். நல்ல காவலர்களையும் மோசமானவர்களையும் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பிளாட்பாரத்தில் தூங்குவதைக் குற்றமாகச் சொல்லும் பிரிவு எதுவும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. பொதுவழியில் இடையூறு செய்வதற்கு 285ஆவது பிரிவு இருக்கிறது. ஆனால் யாருக்காவது உண்மையிலேயே இடையூறோ ஆபத்தோ ஏற்பட்டிருக்க வேண்டும். கடை ஷட்டர் இறங்கிய பிறகு இரவு ஒரு மணிக்கு ஆளில்லாத நடைபாதையில் ஒருவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தால் அதில் யாருக்கு இடையூறு? ஆகவே அவரை உங்கள் எல்லையில் வசிக்கும் ஒருவர் என்ற நினைப்போடு அணுகுங்கள். கதவும் பூட்டும் இல்லாததால், மற்ற எவரையும்விட அவருக்குத்தான் உங்கள் காவல் தேவைப்படுகிறது. நான் கீழே சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு நினைப்பிலிருந்துதான் வருகிறது.

யார் படுத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது அடுத்த வேலை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 17.7 லட்சம் பேர் வீடற்றவர்கள் என்று பதிவானது. எண் ஒன்றுதான், ஆட்கள் ஒரே மாதிரி இல்லை. பாரிமுனை, வால்டாக்ஸ் சாலைப் பக்கம் மூன்று தலைமுறையாகப் பிளாட்பாரத்திலேயே இருக்கும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள், வாக்காளர் அட்டைகூடச் சிலரிடம் இருக்கும். சென்ட்ரலைச் சுற்றிப் படுத்திருக்கும் ஆண்களில் பலர் சமையல் வேலைக்கும் லோடு ஏற்றவும் ஆள் எடுப்பவருக்காகக் காத்திருப்பவர்கள். காலை நாலு மணிக்கு வேன் வந்தால் ஏறிப் போய்விடுவார்கள். ஜி.ஹெச். வாசலில் பாயை விரித்திருப்பவர் விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ நோயாளியோடு வந்தவராக இருக்கலாம். பிள்ளைகள் துரத்திவிட்ட முதியவர்கள், கணவனின் அடி தாங்காமல் வந்த பெண்கள், ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்து கட்டட வேலை நின்றுபோன பையன்கள், தன் பெயரே நினைவில்லாமல் சுற்றுகிறவர்கள் என்று எல்லாரும் அந்த ஒரே வரிசையில் இருப்பார்கள். எல்லாரையும் ஒரே லத்தியால் தட்டி எழுப்பும் பழக்கத்துக்கு, இவர்களைப் பிரித்துப் பார்க்கத் தெரியாததுதான் காரணம் என்பது என் கணிப்பு.

இனி எழுப்பும் விதம். முதலில், எழுப்பித்தான் ஆகவேண்டுமா என்று யோசியுங்கள். மூச்சு சீராக இருக்கிறது, பக்கத்தில் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், புகார் எதுவும் இல்லை என்றால் அந்தத் தூக்கத்தைக் கலைக்காமல் போவதும் ரோந்துப் பணிதான். எழுப்ப வேண்டியிருந்தால், யானைகவுனிப் பக்கம் பணியிலிருந்த ஓர் ஏட்டையா செய்ததைச் சொல்கிறேன். பைக்கைச் சற்றுத் தள்ளியே நிறுத்துவார், ஹெட்லைட்டை அணைத்துவிடுவார். டார்ச்சைத் தரையில் அடிப்பாரே தவிர முகத்தில் அடிக்க மாட்டார். தலைமாட்டுக்குப் போகாமல் கால்பக்கம் இரண்டடி தள்ளி நின்று குரல் கொடுப்பார். அந்த ஆள் எழுந்து உட்கார்ந்ததும் இவரும் லத்தியைப் பின்னால் வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். முதல் கேள்வி எப்போதும் "சாப்டீங்களா?" என்பதுதான். பெயர், ஊர் எல்லாம் அதற்கப்புறம். அந்தத் தெருவில் லாரி மோதி ஒரு பெரியவர் அடிபட்டபோது, நிற்காமல் போன வண்டியின் எண்ணை அவரிடம் சொல்ல ஆளுக்கு முன் ஆளாக வந்தார்கள். வேறொருவர் விசாரித்திருந்தால் 'நான் தூங்கிட்டேன் சார்' என்றுதான் பதில் வந்திருக்கும்.

தலைமாட்டில் நிற்கக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தெருவில் தூங்குகிறவர்களைத் தூக்கத்தில்தான் அடிக்கிறார்கள், பறிக்கிறார்கள், பெண்கள் என்றால் கை வைக்கிறார்கள். திடுக்கிட்டு எழுபவர் கையை ஓங்குவது தற்காப்பு. 'போலீஸையே அடிக்க வர்றியா' என்று அங்கேயே ஒரு வழக்கு உருவாகிவிடும். உருவாக்கியது நாம் நின்ற இடம்.

வயதில் மூத்தவரை 'ஏய்', 'நீ' என்று விளிக்காதீர்கள். பாட்டி, ஐயா, அண்ணே, தம்பி என்று நம் ஊரில் எந்த அந்நியரையும் கூப்பிடச் சொற்கள் இருக்கின்றன, அவை பிளாட்பாரத்திலும் செல்லும். தமிழ் தெரியாதவரிடம் சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை, கைப்பேசியிலுள்ள மொழிபெயர்ப்புச் செயலி போதும். பதில் சொல்லாதவரைத் திமிர் பிடித்தவர் என்று முடிவு கட்டுவதற்குள், காது கேட்கிறதா என்று பாருங்கள். உளறுகிறவர் குடித்திருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். சர்க்கரை இறங்கினாலும், தலையில் அடிபட்டிருந்தாலும், வலிப்பு வந்து தெளிந்துகொண்டிருந்தாலும் பேச்சு அப்படித்தான் குழறும். வாயில் சாராய வாடை இருப்பதாலேயே தலையில் அடிபடவில்லை என்று ஆகிவிடாது. கூப்பிட்டுப் பதில் இல்லையென்றாலோ, குழப்பம் தெளியவில்லையென்றாலோ 108ஐ அழையுங்கள். 'விடிஞ்சா சரியாயிடும்' என்று விட்டுப்போன ஆட்கள் விடியும்போது பிணமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மூட்டையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன். ஒரு பாட்டியின் உரச்சாக்கை அவர் அனுமதியோடு சேர்ந்து அடுக்கிக் கொடுத்திருக்கிறேன். மேலே இரண்டு புடவை, ஒரு அலுமினியத் தூக்கு. அதற்கடியில் பால் கவருக்குள் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, ரேஷன் கார்டு நகல், ஆதார், அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டு, இறந்துபோன கணவரின் பாஸ்போர்ட் அளவுப் படம். இன்னொரு கவரில் காசநோய் மாத்திரை. குறைந்தது ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. நடுவில் நின்றால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறும் அபாயம் உண்டு, அது அவரோடும் நிற்காது. துப்புரவு வண்டி வந்து அந்தச் சாக்கைக் 'குப்பை' என்று அள்ளிப் போட்டுக்கொண்டு போனால், ஒரே நிமிடத்தில் அவருடைய அடையாளம், முதியோர் உதவித்தொகைக்கான ஆதாரம், சிகிச்சை மூன்றும் போய்விடும். அதனால் எந்த அகற்றும் பணிக்குப் பாதுகாப்புக்குப் போனாலும், ஆள் இல்லாத மூட்டையைத் தொட விடாதீர்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றால் பட்டியல் எழுதி, ஸ்டேஷனிலோ வார்டு அலுவலகத்திலோ வைத்து, எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் படுப்பவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். நீங்கள் செய்யக்கூடிய எல்லாவற்றிலும் செலவே இல்லாதது இதுதான்.

சட்டத்துக்கு வருவோம். உங்கள் மூத்தவர்கள் மூன்று வழிகளைக் காட்டுவார்கள்.

ஒன்று, பிச்சை எடுப்பதைத் தடுக்கும் 1945ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டில் அது இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் தூங்குவது பிச்சை எடுப்பது ஆகாது. தெருவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். டெல்லியிலும் நடைமுறையில் இருந்த பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டத்தில் பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய பிரிவுகள் டெல்லிக்குச் செல்லாது என்று 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உணவும் வேலையும் தர முடியாத அரசு, அதற்காகக் கையேந்துவதைக் குற்றம் என்று எப்படிச் சொல்லும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் கேள்வி. 2021இல் கொரோனா காலத்தில் பிச்சைக்காரர்களை அகற்றக் கோரிய மனு வந்தபோது, மேட்டுக்குடிப் பார்வையில் இதைப் பார்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. டெல்லித் தீர்ப்பு நம்மை நேரடியாகக் கட்டுப்படுத்தாதுதான். ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒரு காவல் அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, ஸ்டேஷன் பேச்சில் '109' என்று இன்றும் சொல்லப்படும் சந்தேக வழக்கு. இதில் ஒரு வரலாறு இருக்கிறது. 1898ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109ஆவது பிரிவில், பிழைப்புக்கு வழி தெரியாதவர், தன்னைப் பற்றித் திருப்தியாகச் சொல்லத் தெரியாதவர் எல்லாரையும் பிடித்து நன்னடத்தைப் பிணை கேட்க இடம் இருந்தது. 1973இல் புதிய சட்டம் வந்தபோது அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 128ஆவது பிரிவாக இருப்பது, தன் இருப்பை மறைத்துக்கொண்டு குற்றம் செய்யத் திட்டமிடுகிறவருக்கானது. தெருவிளக்கின் கீழே ஊரறியப் படுத்திருப்பவர் எதை மறைக்கிறார்? வீடில்லை, வேலை சொல்லத் தெரியவில்லை என்பது அரை நூற்றாண்டுக்கு முன்பே காரணப் பட்டியலிலிருந்து போய்விட்டது. பழக்கம்தான் போகவில்லை. மாதக் கணக்குக்காக இந்த வழக்கைப் போடச் சொன்னால், நீங்கள் போடாதீர்கள்.

மூன்றாவது பெட்டி கேஸ். குடித்துவிட்டுக் கலாட்டா என்று ஒன்று எழுதி அனுப்புவது. நம் பார்வைக்குச் சின்ன வழக்கு, அபராதம் கட்டினால் முடிந்தது. வீடற்றவருக்கு அபராதம் கட்டப் பணம் இருக்காது, ஜாமீன் நிற்க ஆளும் இருக்காது, அதனால் புழல் சிறை வரைக்கும் போகும். பிணையில் விடத்தக்க குற்றத்தில், ஏழை என்பதால் ஜாமீன்தாரர் தர முடியாதவரைச் சொந்தப் பிணையில் விட வேண்டும் என்று அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 478ஆவது பிரிவு சொல்கிறது. 'அட்ரஸ் இல்லை, ஆள் ஓடிவிடுவான்' என்பது அதற்கு விடை ஆகாது. எந்த பிளாட்பாரம், எந்தக் கடைக்கு எதிரே என்று எழுதுங்கள். பத்து வருடமாக ஒரே இடத்தில் இருப்பவரைத் தேடிப் பிடிப்பது, வருடத்துக்கு ஒரு வாடகை வீடு மாறுகிறவரைப் பிடிப்பதைவிடச் சுலபம்.

தூங்குகிறவர்களின் முகத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து, பழைய குற்றவாளிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கமும் இப்போது இருக்கிறது. காரணம் எதுவும் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் கதவைத் தட்டி அப்படிப் படம் எடுக்க நம்மால் முடியுமா?

மனநோயோடு தெருவில் இருப்பவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். சட்டம் மிகத் தெளிவாக இருப்பதும் இங்கேதான். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவை அச்சிட்டு ஸ்டேஷன் சுவரில் ஒட்டச் சொல்வேன். எல்லைக்குள் சுற்றித் திரியும் ஒருவருக்கு மனநோய் இருக்கிறது, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுப்பது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் கடமை. ஏன் எடுக்கிறோம் என்பதை அவருக்கே சொல்ல வேண்டும், அவருக்குப் புரியாது என்று நினைத்தால் அவர் சார்பில் நியமிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்கு மதிப்பீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. சேர்த்துச் சிகிச்சை தர அவசியமில்லை என்று மருத்துவர் சொன்னால், மீண்டும் தெருவில் இறக்கிவிட்டு வரக் கூடாது. வீடு இருந்தால் வீட்டுக்கும், வீடற்றவர் என்றால் அவர்களுக்கான அரசுக் காப்பகத்துக்கும் கொண்டுசேர்ப்பது காவல்துறையின் வேலை.

பலர் படிக்காமல் விடும் கடைசி உட்பிரிவு ஒன்று இருக்கிறது. இப்படிக் கண்டெடுக்கப்பட்டவருக்கு, காணாமல் போனவர் என்று ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்து குடும்பத்தைத் தேட வேண்டும். இது வெறும் காகித வேலை இல்லை. ஆந்திராவிலோ பீகாரிலோ ஒரு வீட்டில் அம்மாவைக் காணோம் என்று வருடக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பார்கள். சென்னையில் தேனாம்பேட்டையிலோ தங்கசாலையிலோ அந்த அம்மா ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பார். இரண்டு முனைகளையும் இணைக்கக்கூடிய ஒரே கயிறு அந்த எஃப்.ஐ.ஆர்.தான். 1993இல் சென்னையில் தொடங்கிய 'தி பேன்யன்' போன்ற அமைப்புகள், தெருவிலிருந்து வந்த பெண்கள் சிகிச்சைக்குப் பிறகு ஊர்ப் பெயரைச் சொல்லி வீடு திரும்ப முடியும் என்பதைக் காட்டியிருக்கின்றன. முதல் நாள் ஸ்டேஷனில் எழுதப்படும் குறிப்பு, என்ன மொழி, என்ன பச்சை குத்தியிருக்கிறது, எந்த ஊர்ப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்பதெல்லாம் பின்னால் பொன்னாக இருக்கும்.

அவரை எப்படி அழைத்துப்போவது? கயிறு கட்டி, நாலு பேர் தூக்கி வேனில் போட்டால் அடுத்த முறை காக்கிச் சட்டையைப் பார்த்தாலே ஓடுவார். ஒருவர் மட்டும் பேசுங்கள், மற்றவர்கள் தள்ளி நில்லுங்கள், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை விலக்குங்கள். அவர் சொல்வது நடக்காத விஷயமாக இருந்தாலும் வாதாட வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காரும் பொறுமை இருந்தால் பெரும்பாலும் கூடவே வந்துவிடுவார்கள். பெண் என்றால் பெண் காவலர் இல்லாமல் தொடக் கூடாது. சென்னை மாநகரக் காவல் 2021இல் தொடங்கிய 'காவல் கரங்கள்' திட்டத்தில் இதற்கென்றே பழகிய ஆட்களும் தொண்டு அமைப்புகளும் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடத் தயங்காதீர்கள். ஒரே எச்சரிக்கை: வாகனம் இருக்கிறது என்பதற்காகப் படுத்திருப்பவர் எல்லாரையும் ஏற்றிவிடக் கூடாது. சுயநினைவோடு, உழைத்து, தன் இடத்தில் இருப்பவரை விருப்பமில்லாமல் ஏற்றினால் அது ஆளைப் பிடித்துக்கொண்டு போவதுதான்.

பிள்ளைகள் விஷயத்திலும் அதே கவனம் வேண்டும். தனியாகத் திரியும் குழந்தை என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைப்பு, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் ஆஜர். அதில் மறுபேச்சு இல்லை. பெற்றோரோடு பிளாட்பாரத்தில் வளரும் குழந்தையை, பிளாட்பாரத்தில் வளர்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பிரித்துவிடாதீர்கள். 'ஏது இந்தக் குழந்தை, கடத்திட்டு வந்தியா?' என்று நடுரோட்டில் தாயிடம் கேட்பதை நான் கேட்டிருக்கிறேன். தெருவில் இருக்கும் தாய்மாருக்கு உண்மையான பயமே, தூங்கும்போது யாராவது தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்பதுதான். அப்படித் திருடு போனால் அவர் ஓடிவர வேண்டிய இடம் உங்கள் ஸ்டேஷன்.

ஓடி வந்தால் என்ன நடக்கிறது என்பதில்தான் எனக்குக் கோபம் அதிகம். கைப்பேசி திருட்டு, கூலியைப் பறித்தது, பாலியல் சீண்டல் என்று எதைச் சொன்னாலும் 'உனக்கு ஏதுடா போன்?' என்பதே முதல் கேள்வி. புகார் கொடுக்க வந்தவர் சந்தேக நபராகித் திரும்புவார். ஒரு முறை, கத்தியால் கீறப்பட்ட ஒரு லோடுமேனை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனபோது, முகவரிக் கட்டம் காலியாக இருக்கிறது என்று மதியம் வரை உட்கார வைத்தார்கள். முகவரி இல்லாதவரின் புகாரை ஏற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவின்படி எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் தகவலைப் பதிந்தாக வேண்டும், நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். அந்த நகலை அவர் பால் கவரில் சுற்றி மூட்டையில் வைத்துக்கொள்வார்.

கடைசியாக, கடைக்காரர் புகாரும் 'கிளியர்' உத்தரவும். கடைக்காரரின் புகார் பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு விஷயமாக இருக்கும்: வாசலில் அசிங்கம் பண்ணுகிறார்கள், காலையில் கடை திறக்க வழியில்லை. ஐந்து மணிக்குள் எழுந்து வாசலை விட வேண்டும் என்று இரண்டு பக்கமும் பேசி முடித்தால் பாதிப் புகார் தீர்ந்துவிடும். அசிங்கத்துக்குக் காரணம், பக்கத்தில் மாநகராட்சிக் கழிப்பறை இரவில் பூட்டியிருப்பது. அதை வார்டு அலுவலகத்துக்கு எழுதுங்கள், ஸ்டேஷனிலிருந்து போகும் கடிதத்துக்கு எடை உண்டு. அகற்றுவது என்பது மாநகராட்சியின் அதிகாரம், உங்களுடையது பாதுகாப்பு மட்டும். 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் நடைபாதையில் குடியிருக்க உரிமை தரவில்லை. ஆனால் பிழைப்பு என்பது உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது. முன்னறிவிப்பு வேண்டும் என்றது. அந்த ஆண்டு மழைக்காலம் கழிந்து அக்டோபர் 31 வரை யாரையும் அகற்றக் கூடாது என்றும் சொன்னது. நமக்கு அந்தத் தேதிவாக்கில்தான் மழையே பிடிக்கும். நவம்பரில் 'கிளியர்' என்று மைக்கில் வந்தால், எந்தத் துறை, என்ன நோட்டீஸ், எங்கே மாற்றிடம் என்று மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள், கேட்டதைப் பொது நாட்குறிப்பில் எழுதிவையுங்கள்.

'காப்பகம் இருக்கிறதே, ஏன் போக மாட்டேன் என்கிறார்கள்?' என்பார்கள். ஒரு லட்சம் நகர மக்களுக்குக் குறைந்தது நூறு பேர் தங்கும் காப்பக வசதி என்பதுதான் அரசின் கணக்கு. இருக்கும் இடங்களிலும் ஆண், பெண் தனித்தனி என்பதால் கணவன், மனைவி, பிள்ளைகள் சேர்ந்து தங்குவது கடினம். காலை நாலு மணி வேனைப் பிடிக்க வேண்டியவருக்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் படுக்கை கிடைத்துப் பயனில்லை. அதனால் ஒரு பகல் வேளையில் உங்கள் எல்லைக்கு அருகிலுள்ள காப்பகங்களுக்கு நேரில் போய்ப் பாருங்கள். எது பெண்களுக்கு, எது முதியோருக்கு, படுக்கையில் கிடப்பவரைச் சேர்ப்பார்களா, இரவு இரண்டு மணிக்குக் கதவைத் திறப்பது யார் என்று கேட்டு, எண்களைப் பீட் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவரைக் கொண்டுபோய் விட்டால், யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்று குறித்துக்கொண்டு மறுநாள் ஒரு போன் போட்டு விசாரியுங்கள். அவர் மூட்டையும் கூடவே வந்து சேர்ந்ததா என்றும் கேளுங்கள்.